பார்த்துட்டு வா, சொல்லிட்டு வா

“அம்புட்டும் படிச்சது கட கடையாப் போயி வெல கேக்கத்தானா?”

ஹட்டன் கடைத்தெருவில் எனக்கு வேலை கிடைத்ததைச் சொன்னபோது அத்தை இப்படித்தான் கேட்டார். அத்தை என் அப்பாவின் அக்கா. கேட்டுவிட்டு, தராசுத் தட்டில் கிடந்த சீனியைத் தாளில் சுருட்டி, காத்து நின்ற பக்கத்து லயத்துப் பெண்ணிடம் கொடுத்தார். அந்தப் பெண் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரைக்கும் போய்ப் பாஸ் பண்ணிய முதல் ஆள் நான். அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். அப்பா மலைக்கு மருந்தடிக்கிறார். அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் அதே மலைதான். கூடை மாட்டாமல் சம்பளம் வாங்கப் போகும் முதல் பெண் என்ற எண்ணத்தை நான் மறைத்து வைக்கவும் இல்லை. வேலைக்கென்று வாங்கிய புதுச் செருப்பைச் சேறு படாமல் கையில் தூக்கிக்கொண்டு, பஸ் வரும் சந்தி வரைக்கும் வெறுங்காலோடு நடந்தேன். வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் அந்தச் செருப்பைப் பற்றிக் கேட்டார்கள். எல்லோருக்கும் பதில் சொன்னேன்.

அத்தையின் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் எங்கள் மேல் டிவிசனில் கடைசி லயம், அந்த வரிசை வீடுகளில் கடைசிக் காம்பிரா. அந்த ஒற்றை அறைதான் கடை. மஸ்கெலியா பஸ் எங்களைச் சந்தியில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து தேயிலைக்குள் ஏறித்தான் வர வேண்டும். மழைக் காலத்தில் அந்தப் பாதையில் ஓட்டோ ஏறாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை, கரண்ட் போனால் மெழுகுவர்த்தி, ரொட்டி சுட மா குறைந்தால் அரைக் கிலோ மா, எல்லாம் அந்தக் காம்பிராவில்தான். தேங்காய் எண்ணெயைச் சின்னப் போத்தலில் ஊற்றித் தருவார். நூறு கிராம் பருப்பு கேட்டாலும் முகம் சுளிக்காமல் நிறுப்பார். சம்பளம் போடும் வரைக்கும் வாய்ச்சொல்லில் சாமான் தருவார். அந்தக் கடை இல்லாமல் எங்கள் டிவிசனில் ஒரு மழை நாளைக் கடத்த முடியாது. அது இருக்குமா, மூடப்படுமா என்பதுதான் பின்னால் எனக்குப் பெரிய கேள்வியாக வந்து நின்றது.

என்னை வேலைக்கு எடுத்த கடை ஹட்டனில் பெரியது. மூன்று தலைமுறையாக நடக்கும் மளிகைக் கடை. நேர் எதிரே அதே அளவில் இன்னொரு கடை. இரண்டு முதலாளிகளும் கோயில் திருவிழாவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள், பேசிக்கொள்ள மாட்டார்கள். என் முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒன்னப் பாத்தா சாமான் வாங்க வந்த புள்ள மாதிரியே இருக்கு. அதுதான் எனக்கு வேணும்.”

அது பாராட்டா இல்லையா என்று யோசிக்க அன்று நேரமில்லை. வேலை இதுதான். காலையில் கடை திறந்ததும் எதிர்க்கடைக்குள் வாடிக்கையாளரைப் போல நுழைய வேண்டும். கோதுமை மா, பருப்பு, சீனி, அரிசி, நெத்தலி, டின்மீன், இவற்றின் விலையை மனதில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். பிறகு கீழ்த்தெருவில் இருக்கும் சின்னக் கடைகள். நான் வந்து சொன்னதும் முதலாளி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குறைத்து வாசலில் பலகை எழுதி வைப்பார். தினமும் காலையில் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, “பாத்துட்டு வா.”

அந்த முதல் மாதங்களில் விலை நிஜமாகவே இறங்கியது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததை வைத்து அதையும் பொய் என்று சொல்லிவிடக் கூடாது. நாங்கள் குறைத்தால் மறுநாள் அவர்கள் குறைத்தார்கள். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை இரண்டு கடை வாசலிலும் ஒலிபெருக்கி கத்தியது. தோட்டங்களிலிருந்து வந்த பெண்கள் தெருவுக்கு நடுவில் நின்று இரண்டு பக்கமும் காது கொடுத்துவிட்டு, மாவை இங்கேயும் சீனியை அங்கேயுமாக வாங்கிப் போனார்கள். விலைகள் ஏறி ஏறி எல்லோரும் களைத்துப் போயிருந்த வருடங்களுக்குப் பிறகு வந்த இறக்கம் அது. காலையில் நான் நடந்த நடைக்குப் பலன், மாலையில் ஒரு தாயின் பையில் தெரிந்தது. நான் அந்தத் தெருவில் நிமிர்ந்து நடந்தேன்.

அத்தையிடமும் சொன்னேன், இப்போது பாருங்கள் என் படிப்பு யாருக்கு உதவுகிறதென்று. அத்தை அடுத்த ஆளுக்குப் பருப்பு நிறுக்கத் தொடங்கினார். அவருக்கு மா மூட்டை கொடுத்து வந்த கீழ்த்தெரு வியாபாரி எங்கள் இரண்டு கடைகளின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் கடையை மூடியிருந்தார். அதன்பிறகு அத்தை எங்கள் கடைக்கே வந்து சில்லறை விலைக்கு மா வாங்கி, கூலி கொடுத்து மலைக்கு ஏற்றினார். அதைக் கவனித்தேன். ஆனால் விலை இறங்குகிறதே, அவருக்கும் அது இலாபம்தானே என்றுதான் எண்ணினேன்.

எதிர்க்கடையிலிருந்தும் ஒருவர் எங்கள் கடைக்கு வருகிறார் என்பது எனக்குத் தெரிய வந்தது ஒரு பருப்பு மூட்டைக்கு முன்னால். கீழ்த்தெருக் கடையொன்றில் விலைச் சீட்டைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு தலை குனிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். எங்கள் கடைக்குத் தினமும் வந்து எதையும் வாங்காமல் போகும் அதே முகம். டிக்கோயா பக்கத் தோட்டத்துக்காரர், என்னைவிட மூத்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தோம். பிறகு ஒருநாள் கொட்டுகிற மழையில் ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கிட்ட இருக்கும் தேத்தண்ணிக் கடையில் இருவரும் ஒதுங்கினோம். அவர் வடையைப் பிய்த்துப் பாதியை என் பக்கம் தள்ளினார்.

“நனைஞ்சுக்கிட்டு எதுக்குத் திரியணும் புள்ள? ஒங்க கட வெலைய நீ சொல்லு. எங்க கட வெலைய நான் சொல்றேன். ரெண்டு பேரும் பாத்துட்டு வந்த மாதிரித்தானே?”

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. விலை உண்மையான விலைதான், கால்தான் மிச்சம். அதற்குப் பிறகு தினமும் அங்கேதான் எங்கள் வேலை. அவர் சொல்வார், நான் மனதில் பிடிப்பேன். நான் சொல்வேன், அவர் உதட்டை அசைத்து மனப்பாடம் பண்ணுவார். பிறகு வீட்டுக் கதை. அவரை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன்.

முதலாளிக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. அவர் என்னைக் கூப்பிட்டபோது வேலை போனது என்றே நினைத்தேன். அவர் திட்டவில்லை. மேசையில் விரலால் தாளம் போட்டபடி, அந்தப் பிள்ளை தினமும் வருகிறதா, அவர்கள் முதலாளிக்கும் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரிந்திருக்கும் என்றேன். தலையாட்டினார். மறுநாள் காலையில், பலகையில் எதையும் எழுதாமல், என்னைப் பார்த்துச் சொன்னார்: “நாளையிலருந்து மாவுல அஞ்சு ரூவா கூட்டப் போறோம்னு சொல்லிட்டு வா.”

தேத்தண்ணிக் கடைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அந்த வாக்கியத்தில் என்ன வித்தியாசம் என்று எனக்குப் பிடிபடவில்லை. அக்காவிடம் சொன்னேன். அக்கா போய் அவருடைய முதலாளியிடம் சொன்னார். அடுத்த நாள் காலையில் இரண்டு பலகையிலும் மா விலை ஒன்றாக ஏறி நின்றது. தெருவுக்கு நடுவில் நின்ற ஒரு பெண் இரண்டையும் படித்துவிட்டுத் தன்னோடு வந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “ரெண்டு கடையிலயும் அதே வெலதான். அப்ப அதான் சரியான வெல போல.”

அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் “பாத்துட்டு வா” என்றவர் இன்றைக்கு “சொல்லிட்டு வா” என்றிருக்கிறார். ஒரு வார்த்தைதான் மாறியிருக்கிறது. பார்த்துவிட்டு வந்தபோது விலை இறங்கியது. சொல்லிவிட்டு வந்தபோது ஏறியது. என் நடையும் அக்காவின் நடையும் அதேதான், தேத்தண்ணியும் வடையும் அதேதான்.

பிறகு எதிர்க்கடை ஒரு புதிய பலகை வைத்தது. வேறு எந்தக் கடையிலாவது குறைந்த விலை கண்டால் சொல்லுங்கள், அதே விலைக்கு நாங்களும் தருவோம் என்று பெரிய எழுத்தில். எங்கள் முதலாளியும் ஒரு வாரத்துக்குள் அதையே எழுதினார். சனங்களுக்கு அது பிடித்திருந்தது. எனக்கும் முதலில் பிடித்திருந்தது. யோசிக்க யோசிக்க அது வாங்குபவர்களுக்காக எழுதிய பலகையே இல்லை என்று தோன்றியது. தெருவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் படிப்பதற்காக எழுதியது. நீ குறைத்தால் அடுத்த நிமிடமே நானும் குறைப்பேன், உன் கடைக்கு ஒரு ஆளும் அதிகமாக வரப் போவதில்லை, பிறகு எதற்குக் குறைக்கிறாய் என்று எழுதினால் வாடிக்கையாளர் கோபிப்பார். அதையே இப்படி எழுதினால் கைதட்டுவார். சின்னக் கடைகள் இருந்திருந்தால் யாராவது ஒருவர் குறைத்திருப்பார். கீழ்த்தெருவில் மா விற்ற கடைகளில் ஒன்றில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். மற்றவை பூட்டிக் கிடந்தன.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார்: “அந்த மாசங்கள்ல நான் பருப்ப அளந்து போடல, அள்ளிப் போட்டேன். அதக் கெட்டதுன்னு எங்கிட்ட சொல்லாத.” அம்மா சொன்னது சரி. அந்தப் பருப்பு நிஜம். அது நீடிக்கவில்லை என்பதும் நிஜம்.

அத்தையின் கடையில் அடி வேறு விதமாக விழுந்தது. எங்கள் கடை விலை ஏற ஏற அவரும் ஏற்றினார். டிவிசன் சனங்கள் ஹட்டன் முதலாளிகளைத் திட்டவில்லை, அத்தையைத் திட்டினார்கள். சொந்தக்காரியே கழுத்தறுக்கிறாள் என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னாராம். ஒரு சனிக்கிழமை நான் போனபோது அத்தை தராசைக் கழற்றி, துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். தீபாவளி வரைக்கும் இருக்கிற சாமானை விற்றுவிட்டு மூடப் போவதாகச் சொன்னார். குரலில் கோபம் கூட இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. அத்தை கோபிக்காமல் பேசி நான் கேட்டதே இல்லை.

கடையை மூடாதீர்கள் என்றேன். ஹட்டன் கடைகள் மாவை எங்கே எடுக்கின்றன, என்ன விலைக்கு எடுக்கின்றன, எந்த நாளில் லொறி வருகிறது, எத்தனை மூட்டைக்கு மேல் எடுத்தால் மொத்த வியாபாரி குறைக்கிறார், எல்லாம் எனக்குத் தெரியும். இரண்டு வருடம் விலைகளை மனப்பாடம் பண்ணியவள் நான். அத்தை தனியாக எடுத்தால் கட்டுப்படியாகாது. கீழ் டிவிசன் கடை, அடுத்த தோட்டத்துக் கடைகள், எல்லாம் சேர்ந்து நாவலப்பிட்டியில் மொத்தமாக எடுத்தால் கட்டுப்படியாகும்.

அத்தை தராசைச் சுற்றிய துணியை அவிழ்க்கவில்லை. “நீ கொண்டாந்து எறக்குவ. மறுநாளே அவங்க ரெண்டு பேரும் கொறைப்பாங்க. சனம் அங்க ஓடிரும். நம்ம மூட்டையில வண்டு விழும். என்னா செய்வ?”

நான் தூங்காமல் யோசித்த கேள்வியே அதுதான். அதற்குப் பதில் அத்தையிடம் இல்லை, டிவிசன் பெண்களிடம்தான் இருந்தது. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, மத்தியானம் அவர்கள் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போனேன். சாக்கை இறக்கி வைத்து வரிசையில் நின்றவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். தேத்தண்ணிக் கடைக் கதையையும் ஒளிக்காமல் சொன்னேன். வடை வரும் இடத்தில் சிரித்தார்கள். அஞ்சு ரூபாய் வரும் இடத்தில் அடங்கினார்கள். ஒரேயொரு விஷயம்தான் கேட்டேன். ஹட்டனில் விலை குறைந்தால் சீனியை, பருப்பை, கருவாட்டை அங்கேயே வாங்குங்கள், நானும் அங்கேதான் வாங்குவேன். மாவை மட்டும் மேலே அத்தையிடம் வாங்குங்கள்.

வரிசையின் கடைசியில் நின்ற ஒருவர் மழைக்குப் போர்த்தியிருந்த கொங்காணியை உதறிக்கொண்டே கேட்டார்: “அவன் கொறச்சுத் தந்தாலும் நாங்க இங்க கூடக் குடுத்து வாங்கணுமா? இதுல ஒங்க அத்தைக்குத்தானே லாபம்?”

“ஆமா, அத்தைக்கும் லாபந்தான்” என்றேன். “அத்த கட இருந்தாத்தான் அவுங்க கொறைப்பாங்க. இந்தக் கடைய மூடிட்டா யாருக்குப் பயந்து கொறைக்கப் போறாங்க?”

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. படித்த பிள்ளைகள் நன்றாகப் பேசும் என்றார். பக்கத்தில் நின்றவர், பேசத்தானே படிக்க வைத்தது, பேசட்டும் என்றார். கணக்கப்பிள்ளை வந்து வரிசையை நகர்த்தச் சொன்னார். அன்று எல்லோரும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் அத்தையின் காம்பிராவுக்கு ஒவ்வொருவராக வந்து, ஒருவர் ஒரு கிலோவும் ஒருவர் ஐந்து கிலோவும் வேண்டுமென்று சொல்லிவிட்டுப் போனார்கள். கேள்வி கேட்டவரும் வந்தார். இந்த ஒரு மாதம் மட்டும், அதற்குப் பிறகு பார்ப்போம் என்று நிபந்தனையோடு சொன்னார். அத்தை எனக்குத் தெரியாமல் துணியை அவிழ்த்துத் தராசைக் கொக்கியில் மாட்டியிருந்தார்.

வேலையை விடுகிறேன் என்று முதலாளியிடம் நேரில் போய்ச் சொன்னேன். ஏன் என்றதற்கு உண்மையைச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. என் கடைசிச் சம்பளத்தைக் குறைக்காமல் எடுத்து வைத்துவிட்டுப் பேசினார்.

“மூணு கொள்முதலுக்கு ஒங்க வெலைக்கே குடுத்தாலும் எனக்கு ஒன்னும் ஆகாது. ஒங்களால தாங்க முடியுமா? யோசிச்சியா?”

யோசித்தேன் என்றேன். மாவைத் தவிர வேறு எதையும் நாங்கள் எடுக்கப் போவதில்லை, மற்றதெல்லாம் உங்களிடம்தான் வாங்குவோம் என்றும் சொன்னேன். அவர் என்னை மறுபடியும் மேலும் கீழும் பார்த்தார். நான் அந்தக் கடைக்குள் முதன்முதலாக நுழைந்த அன்று பார்த்த பார்வை இல்லை அது.

அக்காவைத் தேத்தண்ணிக் கடையில் பார்த்தேன். இனி நான் யாரிடம் விலை கேட்பது, மறுபடியும் மழையில் நடக்க வைத்துவிட்டாயே என்று சலித்துக்கொண்டார். அவர் வேலையை விட முடியாது, பிள்ளைகள் இருக்கிறார்கள். போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “ஒங்க அத்த கட மா வெலையையும் எங்க மொதலாளிட்ட சொல்லவா?”

“மொத அதச் சொல்லுங்க அக்கா.”

என் சேமிப்பும் அத்தை எடுத்த சீட்டும் மற்றக் கடைக்காரர்கள் தந்ததும் சேர்ந்தன. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் நாவலப்பிட்டிக்குப் பஸ் ஏறினேன். மொத்தக் கடையில் ஒவ்வொரு மூட்டையின் தையலையும் தடவிப் பார்த்துத்தான் லொறியில் ஏற்ற விட்டேன். கடைசி மூட்டை ஏறியதும், பின்பக்க மூட்டைகள் வெளியே தெரிகிற மாதிரி தார்ப்பாய்ப் படங்கை இழுத்துக் கட்டச் சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

கினிகத்தேனையில் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். சிங்களத்தில் கேட்டார், நோட்டன் பிரிட்ஜ் வழியாகப் போனால் மஸ்கெலியா கிட்ட, டீசலும் மிச்சம், அப்படியே திருப்பவா என்று. வேண்டாம், ஹட்டன் வழியாகப் போங்கள் என்றேன். சம்பள ஞாயிறு, கடைத்தெருவில் லொறி நகராது, நின்று நின்றுதான் போக வேண்டும் என்றார். தெரியும், நின்று நின்றே போகலாம் என்றேன். அந்தத் தெருவில் இரண்டு வாசல்களிலிருந்தும் இந்த மூட்டைகளைப் பார்ப்பார்கள். நாளைக் காலையில் இரண்டு பலகையிலும் மா விலை இறங்கும். அதைப் படித்துவிட்டு யாராவது ஒரு தாய் சந்தோஷப்படுவார்.

டிரைவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கியரை மாற்றி, லொறியை ஹட்டன் ஏற்றத்தில் ஏற்றினார்.